கிரெக்குக்கு நான் கொடுத்த நற்சான்றிதழ்

அன்பு மகனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனைத் துண்டித்த விதம் இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. சத்தம் போட்டு வைக்க இந்தக் காலத்துப் போனில் ஒன்றும் இல்லைத்தான். ஆனாலும் பிள்ளை சும்மா வைத்தானா, கோபத்தில் வைத்தானா என்று தாய்க்குத் தெரியாதா? புதிய துப்பாக்கிச் சட்டத்தைப் பற்றிப் பாராளுமன்றத் தெரிவுக்குழு ஆக்லாந்தில் மக்களின் கருத்தைக் கேட்கப் போகிறது, அங்கே பேச உன்னையும் அழைத்திருக்கிறார்கள், பாமர்ஸ்டன் நோர்த்திலிருந்து மூன்று பேருமாக வருகிறோம், நம் வீட்டில்தான் நிற்போம் என்று நீ அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய். நான் உடனே, "இப்ப வரவேண்டாம் மகன், வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கப் போறன், அந்த மணம் பிள்ளைக்குக் கூடாது" என்றேன். யாரைக் கொண்டு அடிக்கிறீர்கள் என்று நீ கேட்டபோது என் வாயில் ஒரு பெயரும் வரவில்லை. பேத்தி நடக்கத் தொடங்கியதை நான் இன்னும் வீடியோவில்தான் பார்த்திருக்கிறேன். அவளைத் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லும் மகனிடம் பெயின்ற் கதை அளக்கும் தாயை நீ என்னவென்று நினைத்திருப்பாய்? அந்தச் சட்டத்துக்காக நீ பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை என்றுதான் நினைத்திருப்பாய். அப்படி இல்லை. இந்த வீட்டுக்கு நீங்கள் வரக்கூடாது என்பதற்கு வேறு காரணம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். என் காது முன்னைப் போல இல்லை, ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கிறது. நான் தமிழில் கதைத்தாலும் நீ எல்லாவற்றுக்கும் இங்கிலீசில்தான் பதில் சொல்வாய், அதுவும் வார்டில் நின்று ஆர்டர் போடுகிற குரலில். எங்கள் குசினி யன்னலுக்குக் கீழேதான் பக்கத்து வீட்டுக் கிரெக்கின் கராஜ். நீ சொல்வது அங்கே முழுதாகக் கேட்கும். சனிக்கிழமைகளில் உன்னைக் கட்டி இழுத்துக்கொண்டு போய்த் தமிழ் படிப்பித்தேனே, கிரிக்கெட் விளையாட விடவில்லை என்று என்னோடு கோபித்துக்கொண்டு இருப்பாயே, அது இப்போது உதவட்டும். உனக்கு வாசிக்க நேரமெடுக்கும். எடுக்கட்டும். அவசரப்பட்டு வாசித்துவிட்டு நடுவில் எனக்குப் போன் எடுக்காதே. முழுக்க வாசி.

கிரெக்கை உனக்குத் தெரியும் என்றாலும் நீ அவரை வந்துபோகிறவனாகத்தான் அறிவாய். நான் அவரோடு ஒரே வேலியில் இருக்கிறேன். கட்டட வேலை செய்து ஓய்வுபெற்றவர். மனைவி பிரிந்து அவுஸ்திரேலியாவுக்குப் போன பிறகு தனிக்கட்டை. வருடத்தில் சில தடவை மலைக்காட்டுக்குப் போய் மான் சுட்டுக்கொண்டு வருவார், எங்களுக்கும் ஒரு துண்டு தருவார், அப்பா அதில் மிளகு போட்டுப் பிரட்டல் வைப்பார். அப்பா குளியலறையில் விழுந்த அன்று கதவை உடைத்தது கிரெக்தான். அம்புலன்ஸ் வரும்வரை அவர் முழங்காலில் நின்று அப்பாவின் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தார். நான் செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு ஒன்றும் செய்யத் தெரியாமல் நின்றேன். அப்பாவைக் கொண்டுபோன பிறகு அந்தப் பெரிய மனிதர் எங்கள் குசினி நிலத்தில் இருந்து குழந்தை மாதிரி அழுதார். செத்த வீட்டுக்கு வந்த சனத்துக்குக் கதிரை தூக்கி அடுக்கியதும் அவர்தான். நீ விமானம் பிடித்து வந்து சேர்வதற்குள் எங்கள் குடும்பத்துக்கு ஆண்பிள்ளை செய்யவேண்டிய வேலையெல்லாம் அந்த வெள்ளைக்காரர் செய்து முடித்துவிட்டார். நான் சொல்லப்போகும் எதையும் இதை மறந்துவிட்டு வாசிக்காதே.

அதற்கு அடுத்த வருடம் அவர் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. துப்பாக்கி லைசென்ஸ் கேட்பவரை நன்றாகத் தெரிந்த இரண்டு பேரைப் பொலிஸ் நேரில் கண்டு விசாரிக்கும் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். ஒருவர் சொந்தக்காரர், மற்றவர் வெளி ஆள். அவர் தம்பியின் பெயரையும் என் பெயரையும் கொடுத்தார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் ஊரில் துவக்கு வைத்திருந்தவனிடம் யார் நற்சான்றிதழ் கேட்டார்கள்? ஆனால் நற்சான்றிதழ் எனக்குப் புதிது இல்லை. மன்னாரில் பள்ளிக்கூட உதவி அதிபராக இருந்த காலம் முழுக்கப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டுப் போகும்போது அதை எழுதிக் கொடுப்பது என் பொறுப்பு. நடத்தை என்ற இடத்தில் எல்லாருக்கும் "மிக நன்று" என்றுதான் எழுதுவோம். வாத்தியாரின் சைக்கிள் ரயரைக் குத்தினவனுக்கும் "மிக நன்று". "நன்று" என்று மட்டும் எழுதினால் தாய்மார் வந்து வாசலில் நின்று அழுவார்கள், அந்த ஒரு சொல்லால் பிள்ளையின் வேலையும் கலியாணமும் போய்விடும் என்று. ஒருவனைப் பற்றிக் கடுதாசியில் கெட்டது எழுதுவது பாவம் என்பது எங்கள் பழக்கம். அதனால் பொலிஸ் வந்தபோது நான் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. தங்கமான மனிதர் என்றேன். அன்று அது உண்மையும்கூட.

இந்த முறை புதுப்பிக்கும் காலம் வந்தபோது, வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "உங்கட பேரைத்தான் திரும்பவும் குடுத்திருக்கிறன், பரவாயில்லைத்தானே?" என்று கேட்டார். அவர் இங்கிலீசில் சொன்னதை எங்கள் கதையில் எழுதுகிறேன், நீ சிரிக்காதே. அவர் கேட்டு முடிக்க முதலே நான் "ஓம், ஓம்" என்றேன். அயலவன் கேட்டால் ஓம் என்பதுதானே எங்கள் வாய்ப் பழக்கம். அதற்குப் பிறகுதான் அந்தச் சட்ட வரைவு வந்தது. எந்தத் துப்பாக்கியை வைத்திருக்கலாம், எப்படிப் பூட்டி வைக்க வேண்டும், யாருக்கு லைசென்ஸ் கொடுக்கலாம் என்பதை எல்லாம் இறுக்கப் போகிறார்கள் என்று செய்தியில் சொன்னார்கள். கிரெக்கின் முகம் மாறத் தொடங்கியது. அவர் பக்கத்து நியாயமும் எனக்கு விளங்குகிறது. வாழ்நாள் முழுக்கச் சட்டத்துக்குப் பணிந்து, சுடுவதற்கு முன் மூன்று தரம் பார்த்துச் சுடுகிற மனிதரைக் களவெடுத்தவனைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தால் கோபம் வராதா? அவரிடம் இருப்பதில் பாதி அவருடைய தகப்பன் விட்டுப்போனவை. அதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும். முன்வேலியில் சட்டத்துக்கு எதிராக ஒரு பெரிய பலகை வைத்தார். அதுவரைக்கும் எனக்கு ஒன்றுமில்லை.

பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வியாழக்கிழமைகளில் பின்னேரம் இரண்டு மூன்று வாகனங்கள் வரும். கராஜ் கதவைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே இருந்து பியர் குடிப்பார்கள். முதலில் சட்டத்தைத் திட்டினார்கள், பிறகு அமைச்சரைத் திட்டினார்கள், பிறகு ஆட்களின் பெயரை வாசிக்கத் தொடங்கினார்கள். சட்டத்துக்கு ஆதரவாகக் கருத்து எழுதி அனுப்பியவர்களின் பெயர்கள் பாராளுமன்றத்தின் இணையத்தில் இருக்கிறதாமே. யாரோ ஒருவன் அதைப் பேஸ்புக்கில் போட்டு, இவர்களை எல்லாம் நினைவு வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருக்கிறானாம். நான் குசினி யன்னலடியில் சட்டி கழுவிக்கொண்டு நின்றேன். உன் பெயரை வாசித்தார்கள். அவர்களுடைய நாக்குக்கு அது அடங்கவில்லை, இழுத்து இழுத்து வாசித்துச் சிரித்தார்கள். டொக்டர் என்று ஒருவன் சொன்னான். எந்த ஆஸ்பத்திரி என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறேன், ஒருநாள் போய்ச் சுகம் விசாரிக்க வேணும் என்றான் இன்னொருவன். மற்றவர்கள் சிரித்தார்கள். கிரெக்கின் குரல் கேட்கவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, அதைப் பூட்ட எனக்கு நினைவு வரவில்லை.

அந்தக் கிழமை முடிய முதலே, கிரெக்குக்கு வந்த ஒரு பார்சலைத் தபால்காரன் மாறி எங்கள் வாசலில் போட்டுவிட்டுப் போய்விட்டான். கொண்டுபோய்க் கொடுக்கப் போனேன். பட்டப்பகல். கராஜ் கதவு திறந்திருந்தது, அவர் மேசையில் ஒரு துவக்கைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நின்றார், பக்கத்தில் பியர் போத்தல். இன்னும் ஒருவன் அங்கே கதிரையில் இருந்தான், நான் முன்பு கண்டிராத ஆள். இன்னொரு துவக்கு அவன் மடியில் கிடந்தது. அவனுக்கு லைசென்ஸ் இருக்கிறதோ, யாருக்குத் தெரியும்? மேசைக்குப் பின்னால் சுவரில் நாலைந்து படங்கள் குத்தியிருந்தார்கள். இணையத்திலிருந்து அச்சடித்த முகங்கள். நடுவில் உன் முகம். ஆஸ்பத்திரியின் இணையப் பக்கத்தில் இருக்கிற அந்தப் படம்தான், கழுத்தில் நீல ரை கட்டி நீ சிரிக்கிற படம். அந்த ரை நான் வாங்கித் தந்தது. கிரெக் என் கண் போன இடத்தைப் பார்த்தார். மெதுவாக ஒரு பக்கம் நகர்ந்து, தன் முதுகால் உன் படத்தை மறைத்துக்கொண்டு, "தாங்ஸ், எவ்வளவு நல்ல மனுசி நீங்கள்" என்றார். நானும் ஒன்றும் காணாதவள் போலப் பார்சலை வைத்துவிட்டு வந்தேன். வீட்டுக்குள் வந்து கதவைப் பூட்டினேன். பிறகு பின்கதவையும் பூட்டினேன். பட்டப்பகலில் வீட்டைப் பூட்டிக்கொண்டு இருப்பது மன்னாரோடு முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் நான் உடுப்புக் காயப்போடும்போது அவர் வேலியடிக்கு வந்தார். "அது உங்கட மகன்தானே? எனக்கு முதலே தெரியும்" என்றார். நான் தலையை ஆட்டினேன். "நான் அவங்களுக்குச் சொல்லேல்லை. அவன்ர தாய் பக்கத்து வீட்டில இருக்கிறா எண்டு நான் ஒருத்தனுக்கும் சொல்லமாட்டன். நீங்கள் பயப்பிடாதேங்கோ. ஆனா மகனைக் கொஞ்சம் அடக்கி வாசிக்கச் சொல்லுங்கோ. எல்லாரும் என்னை மாதிரி இல்லை." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்தது பரிவுதான். நான் எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்துவிட்டேன், அது மிரட்டல் இல்லை. ஆனால் மிரட்டல் செய்யும் வேலையை அது செய்துவிட்டது. அந்த நிமிடத்திலிருந்து என் பாதுகாப்பு அந்த மனிதரின் வாயில் இருக்கிறது. அவர் நல்ல மனமாக இருக்கும்வரைக்கும்தான் அந்த வாய் மூடியிருக்கும். அவருடைய லைசென்ஸ் என் வாயில் இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும். நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. சட்டை கொடியில் போட்டு முடிக்கும்வரை காலநிலையைப் பற்றித்தான் கதைத்தோம்.

இந்த இடத்தில்தான் நீ போன் எடுத்து, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றாய். இப்போது விளங்குகிறதா? ஒரு வியாழக்கிழமை அந்த வாகனங்கள் வந்து நிற்கும்போது, சுவரில் இருக்கிற முகம் எங்கள் வாசலில் குழந்தையோடு வந்து இறங்கினால் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காமலும் போகலாம். ஆனால் ஒன்றும் நடக்காது என்று நம்பி இருந்த ஆட்களை எங்களுக்கு நிறையத் தெரியும்.

நீ போனை வைத்து இரண்டு நாளில் பொலிஸ்காரி வந்தாள். இளம் பிள்ளை, வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து இருந்தாள், அதிலேயே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். சொல்ல வேண்டியதை முதல்நாளே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். மிக நன்று. கோபக்காரரா என்று கேட்டாள், இல்லை என்றேன். குடிப்பாரா என்று கேட்டாள், அளவோடு என்றேன். மனம் சோர்ந்திருக்கிறாரா என்று கேட்டாள், என் புருசனுக்காக அழுத மனுசன் என்று எல்லாவற்றையும் சொன்னேன், அவளுக்கும் கண் கலங்கியது. வேலை முடிந்தது என்றே நினைத்தேன். கடைசியாக, மடியில் இருந்த கணினியில் கண்ணை வைத்துக்கொண்டு, வழக்கமான கேள்வி என்ற மாதிரித்தான் கேட்டாள்: "அவரிட்ட துவக்கு இருக்கேக்க உங்கட குடும்பம், பேரப்பிள்ளையள், பக்கத்து வீட்டில வந்து நிக்கிறதில உங்களுக்கு ஒரு தயக்கமும் இல்லைத்தானே?"

மகன், வாயைத் திறந்தேன், "இல்லை" வரவில்லை. ஏனென்றால் அந்தக் கேள்விக்கு நான் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டேன். உனக்குச் சொல்லிவிட்டேன். பெயின்ற் என்று சொல்லி என் பேத்தியைத் தடுத்தவள் இந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து எப்படி இல்லை என்று சொல்வது? "நான் என்ர பேத்தியை வரவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன்" என்றேன். அவள் தட்டுவதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினாள். "ஏன்?" என்றாள். பிறகு நான் நிறுத்தவில்லை. வியாழக்கிழமைகள், பியர், மடியில் துவக்கு வைத்திருந்தவன், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சுகம் விசாரிக்க வேணும் என்றவன், சுவரில் இருந்த உன் முகம், அதை மறைத்த முதுகு, எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்ததும், நான் சொன்னது என்று அவருக்குத் தெரியவருமா என்று கேட்டேன். அவள் பொய் சொல்லவில்லை. "உங்கட பேரை நாங்கள் சொல்லமாட்டம். ஆனா அவர் குடுத்தது ரெண்டு பேரைத்தான், மற்றவர் அவரின்ர தம்பி. அவர் ஊகிக்கமாட்டார் எண்டு என்னால சொல்லேலாது" என்றாள். தான் போய் மேலிடத்தில் சொல்லுவதாகவும், கொஞ்சக் காலம் எடுக்கலாம் என்றும், ஏதாவது என்றால் உடனே கூப்பிடச் சொல்லியும் நம்பர் தந்துவிட்டுப் போனாள். வாசலில் குனிந்து சப்பாத்துப் போடும்போது, "உங்களுக்கு வேற எங்கயாவது போயிருக்க இடம் இருக்கோ?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அவளுடைய கார் தெருமுனையில் திரும்பக்கூட இல்லை, கிரெக் வந்துவிட்டார். வேலியடிக்கு இல்லை, வாசலுக்கே வந்தார். "எப்பிடிப் போச்சு?" என்றார். "நல்லாப் போச்சு" என்றேன். "எல்லாம் நல்லாத்தானே சொன்னீங்கள்?" என்று அவர் கேட்கவில்லை, கேட்டிருந்தால் என் முகம் காட்டிக் கொடுத்திருக்கும். அவர் என் கையை இரண்டு கைகளாலும் பிடித்தார். இத்தனை வருடத்தில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை, அப்பாவின் செத்த வீட்டில்கூடத் தொடவில்லை. "நான் ராத்திரி முழுக்க நித்திரை கொள்ளேல்லை. தம்பியோட எனக்குச் சரிவராது, அவன் என்ன சொல்லுவானோ தெரியாது. நீங்கள் இருக்கிறீங்கள் எண்ட தைரியத்திலதான் இருந்தனான்" என்றார். அவருடைய கண் நிறைந்திருந்தது. எனக்கு அவரைத் தள்ளிவிட்டு ஓட வேண்டும்போல் இருந்தது, அதே நேரம் தலையைத் தடவிவிட வேண்டும்போலவும் இருந்தது. "தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?" என்று கேட்டேன். வேறென்ன கேட்பது? அவர் உள்ளே வந்து, அந்தப் பிள்ளை இருந்த அதே கதிரையில் இருந்து குடித்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை பூசைக்குப் போய்ப் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது வரிசையை விட்டு விலகி வீட்டுக்கு வந்துவிட்டேன். எதைச் சொல்வது? பொலிசுக்குச் சொன்ன உண்மையையா, கிரெக்குக்குச் சொன்ன பொய்யையா? இரண்டில் எது பாவம் என்று எனக்கே தெரியாதபோது சுவாமியார் என்ன செய்வார்? நீ சொல்லப்போவதும் எனக்குத் தெரியும். உடனே பெட்டியைக் கட்டுங்கள், ரிக்கற் போடுகிறேன் என்பாய். இப்போது நான் பெட்டி கட்டினால் அதுவே வாக்குமூலம். பொலிஸ் முடிவு வருவதற்கு முன் நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனால், ஏன் போனாள் என்று யோசிக்க அவருக்கு ஒரு நிமிடம் போதும். அவருக்குத் தெரிந்தால் அந்த மற்றவர்களுக்கும் தெரியும், நான் வந்து ஒளியும் இடம் உன் வீடுதான் என்பதும் தெரியும். நான் இங்கே இருக்கும்வரை உன்னிடத்துக்கு யாரும் என்னைப் பின்தொடர்ந்து வரத் தேவையில்லை. அதனால் தினமும் உடுப்புக் காயப்போடுகிறேன். வேலிக்கு மேலால் கை காட்டினால் நானும் காட்டுகிறேன். அப்பாவும் நானும் இந்த நாட்டுக்கு வந்ததே வாசலைத் திறந்துவைத்து இருக்கலாம் என்றுதான், இப்போது தபால்காரன் வந்தாலும் யன்னல் சீலையை விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் திறக்கிறேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கடிதத்தை நான் முதலில் வேறு மாதிரித்தான் எழுதத் தொடங்கினேன். நீ பேச வேண்டாம், பெயரை வாபஸ் வாங்கிவிடு, உனக்குப் பெண்சாதி பிள்ளை இருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதினேன். எழுதிக்கொண்டிருக்கும்போது மன்னாரில் அந்தத் தள்ளாடிப் பாலத்தடிச் சோதனைச்சாவடி நினைவுக்கு வந்தது. உனக்கு நாலரை வயது இருக்கும், பஸ்ஸில் இருந்து எல்லாரையும் இறக்கி வரிசையில் விட்டுச் சோதிக்கிறார்கள். ஆமிக்காரன் அப்பாவின் நெஞ்சுக்கு நேரே துவக்கைப் பிடித்துக்கொண்டு அடையாள அட்டையைப் பார்க்கிறான். நீ என் கையை உதறிவிட்டுப் போய், "மாமா, அதைக் கீழ வையுங்கோ, அப்பாவுக்குப் பயமாக் கிடக்கு" என்றாய். அவனுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் உன் விரல் காட்டியது விளங்கியிருக்க வேண்டும், குழலை நிலத்தைப் பார்க்க இறக்கினான். நான் உன்னை இழுத்து வந்து தொடையில் கன்றிப்போக நுள்ளினேன். இனி வாயைத் திறப்பியா என்று கேட்டுக் கேட்டு நுள்ளினேன். இப்போது யோசித்தால், அந்த வரிசையில் இருந்த அத்தனை பேரிலும் கேட்க வேண்டியதைக் கேட்டவன் நீ ஒருவன்தான். நாங்கள் பெரியவர்கள் எல்லாரும் மனதுக்குள் அவனுக்கு "மிக நன்று" எழுதிக்கொண்டு நின்றோம். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

நீ போய்ப் பேசு. அவசரப் பிரிவில் சூடுபட்டு வந்து உன் கையில் கிடந்தவர்களைப் பற்றிச் சொல்லு, ஆனால் ஆறுதலாகச் சொல்லு. உனக்கு அப்பாவின் கோபம், என்னுடைய வாய், இரண்டும் சேர்ந்தால் எதிரில் இருப்பவனைக் குத்தாமல் ஒரு வசனம் முடியாது. குத்தாதே. கேட்டுக்கொண்டு இருப்பவர்களில் கிரெக்கைப் போன்றவர்களும் இருப்பார்கள், தகப்பன் விட்டுப்போன ஒன்றைத் தங்களிடமிருந்து பறிக்கிறார்கள் என்று நெஞ்சு வெடிக்க வந்திருப்பார்கள். அவர்களைக் கொலைகாரர் மாதிரிப் பார்த்துப் பேசாதே. அதற்காக ஒரு சொல்லையும் குறைக்கவும் வேண்டாம், எனக்காகக் குறைக்கவே வேண்டாம். ஆஸ்பத்திரியின் இணையப் பக்கத்தில் இருந்து உன் படத்தை எடுக்கச் சொல்லு. கார் நிற்பாட்டுகிற இடத்துக்குத் தனியே நடக்காதே. மருமகள் அனுஷாவையும் பிள்ளையையும் உங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டு வா, அவளுக்கு இதை வாசித்துக் காட்டு, என் மேல் இருக்கிற கோபம் அவளுக்காவது ஆறட்டும். பிள்ளை ஓடத் தொடங்கின பிறகும் நான் வீடியோவில்தான் பார்ப்பேன் போல் இருக்கிறது. பார்த்துக்கொள்கிறேன்.

நீ பேசுவதைக் கேட்க நான் வருவேன். வேண்டாம் என்று சொல்லாதே, வருவேன். பான்மியூர் வரை பஸ், பிறகு ரயில், நகரத்துக்குப் போவது எனக்குப் பெரிய வேலை இல்லை. சான்ட்ரிங்ஹாமில் சாமான் வாங்கப் போகிறேன் என்று கிரெக்கிடம் சொல்லிவிட்டு வருவேன், அது இன்னொரு பொய், கிடக்கட்டும். அந்த வியாழக்கிழமை ஆட்கள் எல்லாரும் ஒரே வாகனத்தில் அங்கே வரப்போகிறார்கள், கிரெக்கும் வருவார், அவரே சொன்னார். அவர் என்னைக் கண்டாலும் காட்டிக் கொடுக்கமாட்டார், அன்றைக்கு மட்டுமாவது. நான் பின் வரிசையில் ஓர் ஓரக் கதிரையில் இருப்பேன், சேலை கட்டமாட்டேன், பொட்டு வைக்கும் பழக்கம் எனக்கு எப்படியும் இல்லை. நீ பேசும்போது என்னைத் தேடாதே. முடிந்ததும் கைதட்டுவார்கள், நான் தட்டமாட்டேன், அதைப் பிழையாக நினைக்காதே. வெளியே வரும்போது வாசலில் நான் உனக்கு மிகக் கிட்ட நிற்கக்கூடும். அவர்களும் நிற்பார்கள். அப்போது என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிடாதே, அம்மா என்று கூப்பிட்டுவிடாதே. யாரோ ஒரு வயதான மனுசி என்று வழி விட்டுக் கடந்து போ, மகன். நான் கோபிக்கமாட்டேன்.

உன்னைப் பெற்றவள்